வெள்ளையடித்த வேப்பமரம்

தாஷ்கண்டில் சாலையோர மரங்களுக்கெல்லாம் இடுப்புயரத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். ஏன் என்று டாக்ஸிக்காரரிடம் கேட்டேன். பூச்சி ஏறாது, வெயில் தாங்கும் என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இறங்கிப்போய் ஒரு மரத்தைத் தொட்டேன். உள்ளங்கையில் சுண்ணாம்பு ஒட்டியது.

கீழச்சிவல்பட்டியில் எங்கள் தெருமுனையில் ஒரு வேப்பமரம் உண்டு. மலேசியாவில் ஓட்டல் வேலை பார்த்த அப்பா ஊருக்கு வருகிறார் என்று தெரிந்ததும், அம்மா சுண்ணாம்பில் நீலம் கலந்து அதற்கு அடிப்பாள்.

"இருட்டோட பஸ்ஸ விட்டு இறங்குவாக. மரம் தெரிஞ்சாத்தான நம்ம தெரு தெரியும்?"

தெருவிளக்கு வந்த பிறகும் அவள் அதை விடவில்லை. அப்பாவும் மரத்தைத் தடவிவிட்டுத்தான் வருவார். வீட்டுக்குள் நுழைந்ததும் என் கன்னத்தைப் பிடிப்பார். அன்று முழுக்க முகத்தில் சுண்ணாம்பு மணக்கும்.

அப்பா இறந்த பிறகு நான் வரும்போதெல்லாம் அடித்தாள். நான்தான் ஊர்ப்பக்கம் போய் வெகுநாளாகிறது.

தாஷ்கண்ட் சாலையோரத்தில் நின்றபடியே வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டு மரங்களைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அங்குட்டு அம்புட்டு வீட்டுக்குமா ஆளு வாராக?" என்றாள். பிறகு கேட்டாள்: "நம்ம மரத்துக்கு எப்பய்யா அடிக்க?"