மீனலோசனி சொன்ன ஓம்

ஊர்காவற்றுறையில் ஆங்கிலம் படிப்பித்த மீனலோசனி ரீச்சர் சில சொற்களில் மட்டும் பிள்ளைகளை லேசில் விடமாட்டாள். ஒபே என்றால் சொன்னபடி செய்வது, அங்கே மனதைப் பற்றிப் பேச்சில்லை. அக்றீ என்றால் மனமும் கூட வரவேண்டும். கொம்ப்ளை என்றால் சரி, தொலையட்டும் என்று செய்து முடிப்பது. கொன்சென்ற் என்றால் முதலில் உன்னை ஒருவர் கேட்டிருக்க வேண்டும். கேட்காத இடத்தில் அந்தச் சொல்லுக்கே வேலையில்லை. ஞானசவுந்தரி என்ற பிள்ளை ஒருமுறை, மாடு சிறுவனுக்கு அக்றீ பண்ணியது என்று எழுதிக்கொண்டு வந்தாள். "மாடு அக்றீ பண்ணாது பிள்ளை, ஒபே பண்ணும். அக்றீ பண்ணினதோ எண்டு அதிட்டை ஆர் கேட்டது?" என்றாள் ரீச்சர். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

இவ்வளவு வாய்க்காரி, புளியங்கூடலில் வீட்டுப் படலையைத் திறந்தவுடன் ஒரே ஒரு சொல்லோடு நின்றுவிடுவாள். அந்தச் சொல் ஓம், அதாவது ஆம். தாய் தகப்பன் போனபின் அவளை வளர்த்து ஆளாக்கியவர் தமையன் பாலசிங்கம். புகையிலைத் தோட்டக்காரர். தங்கைக்கு ஒரு வழி பிறக்கும்வரை தனக்குக் கலியாணப் பேச்சே வேண்டாம் என்று இருந்த மனிதர். பின்னேரங்களில் முற்றத்தில் இங்குமங்கும் நடந்தபடி அவர் கதைப்பார். அவள் கதிரையில் இருந்து பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டே, அவர் மூச்சு விடும் இடங்களில் "ஓம் அண்ணை" என்பாள். அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். ஓம் சொல்லாவிட்டால், "நான் கதைக்கிறது கேக்குதோ?" என்று கதைப்பவருக்குக் கோபம் வரும். அந்த ஓமுக்குக் காது திறந்திருக்கிறது என்பதற்குமேல் பொருள் கிடையாது. குறைந்தபட்சம் அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அறுபத்தேழாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் பாலசிங்கம் தோட்டத்தால் வந்து, கால்கூடக் கழுவாமல், வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"நீ ஓம் எண்ட உடனை நான் நயினாதீவுக்குச் சொல்லியனுப்பிப்போட்டன். அவைக்கும் நல்ல சந்தோசம். வாற வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலிலை உன்னைப் பாக்க வருகினம்."

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எதற்கு ஓம் என்றேன்? பிறகு மெல்ல மெல்ல நினைவு வந்தது. இலட்சுமணன் என்று ஒரு பெயர். நயினாதீவுக்காரன், அனுராதபுரத்தில் கிளாக்கர், அரசாங்கக் குவாட்டர்ஸ். அங்கே போய் இருப்பதென்றால் வேலையை விடவேண்டி வரும் என்றும் அண்ணன் சொன்னார். அதற்கும் ஓம் என்றிருக்கிறாள், சிவப்புப் பேனையோடு, தலையை நிமிர்த்தாமல்.

அன்றிலிருந்து அவள் அவளாக இல்லை. இலட்சுமணனில் ஒரு குறையும் இல்லை. நல்லவன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் வகுப்பறையை விட அவளுக்கு மனம் வரவில்லை. உலகத்தில் அவள் சொல்லை நாலு பேர் நிமிர்ந்து கேட்கிற இடம் அது ஒன்றுதான். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் குசினி வாசல்வரை வருவாள். பாலசிங்கம் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வேலிக்குப் புது ஓலை கட்டிக்கொண்டிருப்பார். ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இனி இல்லை என்றால் அந்த மனிதர் எந்த முகத்தோடு ஊர்ச் சந்திக்குப் போவார்? அவள் வாயைத் திறப்பாள், "சாப்பாடு போடட்டோ அண்ணை?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். படிப்பிக்கிற சொல்லெல்லாம் எங்கே போய்த் தொலைந்தன என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வெள்ளிக்கிழமை லோஞ்சுப் படகில் நயினாதீவுக்குப் போய் இறங்கினார்கள். பூசை முடிந்ததும் இலட்சுமணனின் தாய் சீதேவியம்மா அவளை மண்டபத்தின் ஓரமாகக் கூட்டிப்போனார்.

"பிள்ளை, ஓம் எண்டு உம்மட அண்ணை சொன்னவர். நீர் சொன்னனீரோ?"

அவளை ஒருவர் கேட்டுவிட்டார்.

"சொன்னனான் தான் அம்மா. ஆனா, கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டுதான் சொன்னனான். அண்ணை அதைச் சம்மதம் எண்டு எடுத்திட்டார். வேலையை விட எனக்கு ஏலாது."

சீதேவியம்மா பெருமூச்சு விட்டார். "தாலி ஏறினாப் பிறகு சொல்லாமல் இப்ப சொன்னீரே, அதே காணும், போதும்," என்றார். பிறகு தானே பாலசிங்கத்திடம் போய் எதையோ மெதுவாகச் சொன்னார். பாலசிங்கம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். அந்தக் குனிந்த தலையைப் பார்க்க அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

திரும்பும்போது கடல் கொந்தளிப்பாக இருந்தது. பாலசிங்கம் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். ஏச்சு விழும், விழட்டும், விழுந்தால் நல்லது என்று அவள் காத்திருந்தாள். பாதிக் கடலில் அவர் வாயைத் திறந்தார்.

"அப்ப, முந்தியும் உப்பிடித்தானோ?"

"எதண்ணை?"

"அம்மான்ரை தாலிக்கொடியை வித்துக் கிணறு வெட்டுவம் எண்டு கேட்டனான். ஓம் எண்டனீ. பேராதனை யூனிவேசிற்றிக்குப் படிக்கப் போகவேண்டாம், ரீச்சர் வேலை காணும் எண்டு சொன்னனான். அதுக்கும் ஓம் எண்டனீ."

கோபத்தை எதிர்பார்த்து அவள் திரும்பினாள். அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அண்ணன் பயந்து அவள் அதுவரை பார்த்ததில்லை.

"கிணத்துக்கு மனசாரத்தான் சொன்னனான் அண்ணை," என்றாள்.

அவர் தலையாட்டினார். பேராதனையைப் பற்றியும் அவள் ஏதாவது சொல்வாள் என்று கரை வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.