பொய்க்குப் பல பெயர்

பொய் சொன்னால் வாயில் மிளகாய்த்தூள் போடுவதாக அம்மா என்னை வெருட்டி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அந்தச் சட்டத்துக்கு விடுமுறை. அன்றைக்கு அம்மாவும் சித்தப்பாவும் நானும் கூடியிருந்து ஒரே ஒரு பெரிய பொய்யைச் சொல்வோம்.

எனக்கு எட்டு வயதான வருடம், இலை கொட்டும் காலத்தில், அப்பா வேலை செய்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பிறகு எழும்பவில்லை. சித்தப்பாதான் பக்கத்து நகரமான லவாலிலிருந்து வந்து எல்லாக் காரியமும் செய்தார். யாழ்ப்பாணத்திலிருந்த அப்பப்பாவுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அவருக்கு இதயம் பலவீனம், கேட்டால் அந்த இடத்திலேயே போய்விடுவார் என்று அவரைப் பார்த்துக்கொண்ட சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. வெளிநாட்டுச் சாவை ஊரிலுள்ள கிழவர்களிடம் ஒளிப்பதில் நாங்கள் கைதேர்ந்தவர்கள்.

அதனால் ஒவ்வொரு ஞாயிறும் அப்பா உயிரோடு வந்தார். முதலில் வீடியோவில் அம்மாவும் நானும் முகம் காட்டுவோம். அதற்கு முன் அம்மா குளியலறைக்குப் போய், கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு வருவார். பேசி முடிந்ததும் பொட்டு கண்ணாடிக்குத் திரும்பிவிடும். இரவில் நான் பல் தீட்டும்போது அது என் நெற்றிக்கு நேரே வந்து நிற்கும். நான் குனிந்துகொண்டே பல் தீட்டப் பழகினேன்.

பிறகு கமராவை நிறுத்திவிட்டு, இணையம் இழுபடுகிறது என்று சாட்டுச் சொல்லி, போனைச் சித்தப்பாவிடம் கொடுப்போம். சித்தப்பா இயல்பில் படபடவென்று பேசுகிறவர். போனைக் கையில் எடுத்ததும் அப்பாவைப் போலவே ஒரு செருமல் செருமுவார், அடித்தொண்டையில் இழுத்து இழுத்துப் பேசுவார். அப்பப்பா அப்பாவைப் பெரியவன் என்பார், சித்தப்பாவைச் சின்னவன் என்பார். சின்னவனாகப் பேசுவதைச் சித்தப்பா அடியோடு நிறுத்திவிட்டார். இரண்டு வேடம் கட்டினால் ஏதாவது ஒன்றில் பிடிபட்டுவிடுவாராம்.

நான் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து கேட்பேன். அப்படிக் கேட்டால் அப்பா எனக்குப் பின்னால் இருப்பார். ஒருநாள் போனை வைத்த பிறகும் குரல் அப்படியே இருந்தது. "பிள்ளை, தண்ணி கொஞ்சம் கொண்டா" என்றது. நான் ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்ததும் தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினேன். அவரும் பயந்துபோய்த் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

நாங்கள் குடியிருந்த வில்லரேயில் எங்களுக்கு மேல் மாடியில் ஒரு சீன அன்ரி இருந்தார். அம்மா வேலையால் வரும்வரை நான் அவரோடுதான் இருப்பேன். சீனாவிலுள்ளவர்களுக்கு ஆங்கிலச் சொற்களை விளக்கும் பாடங்களை அவர் பதிவு செய்வார். உதாரண வசனங்களை நான் மைக்கில் வாசிப்பேன். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, வீட்டில் தமிழ், கார்ட்டூனில் ஆங்கிலம் என்று வளர்ந்த என்னுடைய உச்சரிப்பை நம்பி எத்தனை சீனர்கள் ஆங்கிலம் படித்தார்களோ, பாவம்.

அந்த மாரியில் போலிகளைக் குறிக்கும் சொற்களுக்கான பாடம் வந்தது. சீன மொழியில் 'ஜியா' என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போதும் என்றார் அன்ரி. கள்ளக் காசுத்தாளும் ஜியா, கட்டுப்பல்லும் ஜியா, பொய்ச்சிரிப்பும் ஜியா. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. பல்லுக்கு 'ஃபால்ஸ்', கைப்பைக்கு 'ஃபேக்', பெரிய ஆள்போல் நடிப்பவனுக்கு 'போனி', மனமில்லாமல் சொல்லும் நன்றிக்கு 'இன்சின்சியர்'. நான் ஒவ்வொன்றையும் மைக்கில் சொல்லிச் சொல்லிச் சித்தப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் அளவாக இல்லை.

கடைசியில் கேட்டுவிட்டேன். செத்துப்போன ஒருவருடைய குரலில், அவருடைய அப்பா சாகாமல் இருப்பதற்காக ஒருவர் பேசினால், அதற்கு எந்தச் சொல்? அன்ரி பதிவை நிறுத்தினார்.

"அந்த வயதானவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"தெரியாது என்று உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வேலையில் அவருக்கு நம்பிக்கையில்லை என்று நினைத்தேன்.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு அப்பப்பா வழக்கம்போலச் சாப்பாட்டை விசாரித்தார், குளிரை விசாரித்தார், என் படிப்பை விசாரித்தார். சித்தப்பா செருமிச் செருமிப் பதில் சொன்னார். பிறகு, அப்பப்பாவின் பக்கத்தில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் எங்கள் குசினிக்குள் கேட்டது.

"சின்னவன் எனக்குப் போன் எடுக்கிறதே இல்லை," என்றார். "அவனைப் பயப்படாமல் எடுக்கச் சொல்லு. எனக்கு இனி அவன் ஒருத்தன்தானே."

"ஓம் ஐயா, சொல்லுறன்," என்றார் சித்தப்பா. செருமவில்லை, இழுக்கவில்லை. தன்னுடைய சொந்தக் குரலில், படபடவென்று சொன்னார்.

எனக்கு உயிர் போய் வந்தது. பிடிபட்டுவிட்டோம், அப்பப்பாவின் இதயம் இப்போதே நின்றுவிடும், அதற்கு நாங்கள்தான் பொறுப்பு என்று சித்தப்பாவின் கையைக் கிள்ளினேன். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. "சரி, அது போதும். கவனமாய் இருங்கோ" என்று சொல்லிவிட்டு அப்பப்பா போனை வைத்தார்.

சித்தப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அம்மா அசையாமல் நின்றார். எனக்கு மட்டும்தான் சந்தோஷம். குரல் மாறிய பிறகும் அப்பப்பா கண்டுபிடிக்கவில்லையே. பாவம், வயது போய்விட்டது, பெரியவனோடு கதைத்துக்கொண்டே தனக்கு ஒரு மகன்தான் என்கிறார், பெற்ற பிள்ளைகளையே எண்ணத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் பால் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன்.