எங்கள் ஸ்டாப்பரை மாற்றிக்கொண்ட வருஷம்

கண்ணுங்களா,

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பழைய டீமை விட்டு வேறு டீமுக்குப் போன ஓர் ஆட்டக்காரனைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் "துரோகி, துரோகி" என்று கத்தினீர்கள். "அப்பா, நீயும் கத்துப்பா" என்று சின்னவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் தலைவலி என்று சொல்லி வெளியே போய்விட்டேன். தலைவலி ஒன்றும் இல்லை. ஏன் எழுந்து போனேன் என்று வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நான் பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திராவில் ஒரு சின்னப் பட்டறையில் தகடு அழுத்துகிற பிரஸ் மிஷின் ஓட்டினேன். தங்கியது பக்கத்து ஹெப்பகோடியில், நாலைந்து ஆட்களோடு ஒரே ரூமில். சுற்றுவட்டாரப் பட்டறைகளில் வேலை செய்த தமிழ் ஆட்கள் சேர்ந்து ஒரு ஃபுட்பால் டீம் வைத்திருந்தோம். எனக்கு ஆடத் தெரியாது. கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற கூட்டத்தில் நான் ஒருவன். ஆனால் எங்கள் டீமில் ஒரு வழக்கம் இருந்தது. சந்தா கொடுக்கிற எல்லாருக்கும் பேச்சுரிமை உண்டு. எதுவானாலும் பேக்கரி வாசலில் கூடி, ஒரு டீயை இரண்டாகப் பிரித்துத் தருகிற பை-டூ டீ குடித்துக்கொண்டே சண்டை போட்டு, கடைசியில் கை தூக்கித்தான் முடிவு செய்வோம்.

டீமின் உயிர் எங்கள் ஸ்டாப்பர். கோலுக்கு முன்னால் நின்று வருகிற பந்தையெல்லாம் தடுக்கிறவர். தர்மபுரிப் பக்கத்து ஆள், கான்ட்ராக்டில் மூட்டை ஏற்றுகிற வேலை. டீமில் கல்யாணமானவர் அவர் ஒருவர்தான். அவர் மனைவி ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு எவர்சில்வர் பேசின் நிறைய ஆரஞ்சைத் தோலோடு நாலாக நறுக்கி, உப்புத் தூவிக் கொண்டுவருவார். ஹாஃப் டைமில் முதலில் ஆட்டக்காரர்களுக்கு, அப்புறம் கத்துகிற எங்களுக்கு. எங்களுக்குத் தொண்டை காய்ந்திருக்கும் என்று அவருக்கு ஒரு கரிசனம்.

பக்கத்தில் இருந்த பெரிய கம்பெனி டீம் எங்கள் ஸ்டாப்பரைக் கேட்டது. பதிலுக்கு அவர்களுடைய ஃபார்வர்டு ஒருவனை எங்களுக்கு ஆட விடுவதாகச் சொன்னார்கள். பழைய டீம் சம்மதிக்காமல் ஆளை எடுப்பதில்லை என்று டீம்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. ஆகவே பேக்கரி வாசலில் கூடினோம்.

"ஸ்டாப்பர் போனா பின்னாடி யாருடா நிப்பா? உங்க மாமனாரா?" என்று ஆரம்பித்தார் வெல்டர் அண்ணன். கத்துகிற கூட்டத்தில் மூத்தவர் அவர்தான்.

"தடுத்துத் தடுத்து எத்தினி மேட்ச் டிரா பண்றது? கோல் வேணும்ணா, கோல்!" என்றேன் நான். "அந்த ஃபார்வர்டு சக்கத்தா, சூப்பரா ஆடறான். நானே பாத்தேன்."

"நீ பாத்த அன்னிக்கு எதிர்ல கோல்கீப்பரே இல்லடா."

கன்னடக்காரரான பேக்கரிக்காரர் சண்டைச் சத்தம் கேட்டுக் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏன் குரு, மொதல்ல டீ சொல்லிட்டு அப்பறம் ஜகளா பண்ணுங்க."

ஸ்டாப்பர் சற்றுத் தள்ளி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். "சீசன் பூரா நல்லா ஆடினா அவங்க கம்பெனியிலயே வேலை பர்மனென்ட் பண்றோம்னு சொல்றாங்கண்ணே. நீங்க விட்டாத்தான்."

முதலில் கை தூக்கியது நான். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்கினார்கள். ஸ்டாப்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வேலைக்காக நான் கை தூக்கவில்லை. எனக்கு கோல் வேண்டியிருந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

வந்த ஃபார்வர்டுக்குப் பாதி மைதானம் ஓடுவதற்குள் மூச்சு வாங்கியது. வரிசையாகத் தோற்றோம். தோற்கத் தோற்க, பேக்கரி வாசலில் பேச்சு மாறியது. நாங்கள் மாற்றிக்கொடுத்தோம் என்பது போய், அவர் விட்டுவிட்டுப் போனார் என்று ஆனது. அப்படி ஆக்கியதில் என் வாய்க்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் கம்பெனி டீமோடு எங்களுக்கு மேட்ச் வந்தது. எதிர்ப்பக்கம் அவர்களுடைய ஆபீஸர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டாப்பர் எப்போதும் போல நின்றார். எங்கள் ஃபார்வர்டு கொண்டுபோன பந்தையெல்லாம் சாவகாசமாக எடுத்துக்கொண்டார்.

"வேலைக்காக டீமை வித்தவன்டா!" என்று கத்தினேன்.

"யோவ், நீதானய்யா மொதல்ல கை தூக்கின?" என்றார் வெல்டர் அண்ணன்.

"அது வேற, இது வேற."

அவர் ஒரு தப்பு செய்தால் நாற்காலிக்காரர்கள் கண்ணில் படும், வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும் பிள்ளைகளே. தெரிந்துதான் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

ஹாஃப் டைமில் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசின் நீண்டது. அவர் மனைவி. எப்போதும் உட்காருகிற இடத்திலேயே, எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அதுவரை நாங்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"உங்க வூட்டுக்காரர் அந்தப் பக்கம் இல்லம்மா?" என்று தயங்கிக் கேட்டார் வெல்டர் அண்ணன்.

"அங்க கம்பெனியிலயே ஜூஸ் குடுத்துடறாங்கண்ணா. ஆரஞ்சை யாரும் தொட மாட்றாங்க" என்று சிரித்தார். "எனக்கும் இங்க உக்காந்தாதான் மேட்ச் பாத்த மாதிரி இருக்குது."

எல்லாரும் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவ்வளவு நேரம் நான் கத்தியதில் பாதியாவது அவர் காதில் விழுந்திருக்கும் என்றுகூட நினைத்துப் பார்க்கவில்லை.

மறுபடி ஆட்டம் தொடங்கியது. கோட்டுக்கு வெளியே போன பந்தை எடுக்க ஸ்டாப்பர் எங்கள் பக்கம் வந்தார். என் கையில் சப்பிய ஆரஞ்சுத் தோல் இருந்தது. எறிந்தேன். அவர் தோளில் பட்டு விழுந்தது. எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். இரண்டு மூன்று பேர் தாங்களும் எறிந்தார்கள்.

அவர் குனிந்து அந்தத் தோலை எடுத்தார். புரட்டிப் பார்த்தார். அதை எங்கே பார்த்தாலும் அவருக்குத் தெரியும், அவர் வீட்டில் நறுக்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு உப்பு சரியா இருந்திச்சாண்ணே?" என்றார்.

குத்தலாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தோலைக் கோட்டுக்கு வெளியே போட்டுவிட்டு, பந்தை எடுத்து எறிந்துவிட்டு, தன் இடத்துக்கு ஓடினார். அதன் பிறகு நான் கத்தவில்லை. மேட்சில் தோற்றோம். யார் எப்படி கோல் போட்டார்கள் என்பதுகூட நினைவில்லை.

கூட்டம் கலைந்தபோது அவர் மனைவி பேசினை எடுக்க வந்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். அவராகவே பக்கத்தில் வந்தார்.

"அவருக்கு அடுத்த மாசம் பர்மனென்ட் ஆயிடும்னு சொல்லிட்டாங்கண்ணா" என்றார் மெதுவாக. "அன்னிக்கு நீங்க மொதல்ல கை தூக்கலன்னா யாரும் தூக்கியிருக்க மாட்டாங்கன்னு வூட்ல சொல்லிக்கினே இருப்பாரு. அதான் உங்க கிட்ட மொதல்ல சொல்லணும்னு."

"நல்லதும்மா" என்றேன். அவர் பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார். அங்கே ஸ்டாப்பர் சைக்கிளோடு காத்திருந்தார். நாங்கள்தான் அவரை மாற்றிக்கொடுத்தோமே தவிர, எங்களை விட்டுப் போக வேண்டும் என்று அவர்கள் இரண்டு பேரும் நினைக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"டீ குடிக்க வரலியா?" என்று வெல்டர் அண்ணன் கூப்பிட்டார். பின்னால் வருகிறேன் என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டேன்.

மைதானம் காலியானதும் கோட்டோரமாகக் குனிந்து நடந்து, நாங்கள் எறிந்த தோல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். மண்ணில் மிதிபட்டவற்றை நகத்தால் கிளறி எடுத்தேன். போட்டுக்கொள்ளப் பை எதுவும் இல்லை. சட்டையைக் கழற்றி அதில் கட்டிக்கொண்டேன்.