ஜூலையில் மீன் தின்னப் போனது

மீன்பிடிக்கத் தடை உள்ள மாதத்தில், மீன் தின்பதற்கென்றே புனேயிலிருந்து கொங்கண் கடற்கரைக்குக் காரெடுத்துப் போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். யோசனை என் கணவருடையது. பாதி ஆயுசைப் புனேயில், எங்கள் வானவடிப் பக்கத்திலேயே கழித்த பிறகும் தூத்துக்குடிக்காரருக்குக் கடல் என்றால் அந்த ஒரு கடல்தான்.

"ஜூன்லயே தடை முடிஞ்சிரும்ட்டி. ஜூலைல மீனு கொட்டிக் கிடக்கும்" என்றார்.

அது தூத்துக்குடிக் கணக்கு. அங்கே படகு இறங்குகிற சமயத்தில்தான் இங்கே கரையேறும். எனக்கும் அது உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

தொண்டைக்குக் கதிர்வீச்சு கொடுத்து முடித்ததிலிருந்து அவர் நாக்கில் ருசி இல்லை. இனிப்பும் ஒன்றுதான், புளிப்பும் ஒன்றுதான். டாக்டர் "வரலாம், வராமலும் போகலாம்" என்று சொல்லிவிட்டார். எதைக் கொடுத்தாலும் மருந்து மாதிரி நாலு வாய் விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார். ஆள் பாதியாகிவிட்டார். அப்படிப்பட்டவர் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான்: பிடித்த அன்றே குழம்பு வைத்த மீன். கேட்ட பிறகு காலண்டரையா பார்ப்பார்கள்?

மகள் ஓட்டினாள். மலைப்பாதையில் மழை, நெரிசல். அருவியைக் கண்ட இடத்திலெல்லாம் காரை நிறுத்திச் சட்டையைக் கழற்றி ஆடும் கூட்டம். அவள் ஹாரனை அடித்துக்கொண்டே இந்தியில் வைதாள். திட்டுகிற அளவுக்கு அவளுக்குத் தமிழ் வராது. அவர் பின்சீட்டில் தூங்கினார்.

நாங்கள் தங்கிய வீடு தென்னந்தோப்புக்குள் இருந்தது. சமையல் வீட்டுக்கார அம்மாளே செய்வாள். கொஞ்சம் தள்ளிக் கடற்கரையில் படகுகள் வரிசையாக நீலத் தார்பாய் போர்த்திக் கிடந்தன.  மகள் போய் மராத்தியில் விசாரித்துவிட்டு வந்தாள்.

"டாடி, இப்போ ஃபிஷ் இல்லையாம். நாரளி பூர்ணிமா வரணுமாம். சமுந்தர்ல தேங்கா போட்டு பூஜா பண்ணித்தான் போட் போகுமாம்."

"அது எப்போ?"

"ஆகஸ்ட்ல."

"சரி, விடு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் நாலு வார்த்தை கத்தியிருந்தால் தேவலை.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. மழை விட்டபோது கடற்கரையில் நடந்தோம். ஒட்டகக்காரர்கள் இல்லை, சுண்டல் பேல்பூரி எதுவும் இல்லை. கடல் சேற்று நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. மகள் முழங்கால் வரை நனைந்து போட்டோ எடுத்தாள். அவர் நண்டுகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் செருப்புக்குள் மணல் என்று புலம்பினேன். திரும்பி வந்து அவர் வராந்தா ஊஞ்சலில் படுத்தார். மகள் போனில் மூழ்கினாள். அடுப்புப் பக்கம் போகாத ஒரு நாள் எனக்கு வாய்த்து எவ்வளவோ காலமாயிற்று. சும்மா உட்கார்ந்திருக்கக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

மதியம் வீட்டுக்கார அம்மாள் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். மழைக்காலத்துக்கென்று கோடையிலேயே காயவைத்த போம்பில் மீன், உருளைக்கிழங்கு, புளிப்புக்குக் கோகம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு தூரம் வந்து கருவாடா? இதை வானவடியிலேயே வாங்கியிருக்கலாமே!

"உங்களுக்குத் தயிர்ச்சோறு பிசையட்டுமா?" என்று கேட்டேன். அவர் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார். முகத்தைச் சுளித்தார். முள் சிக்கிவிட்டது என்று நினைத்து நான் தண்ணீரை நீட்டினேன்.

தம்ளரைத் தள்ளிவிட்டார். "உப்பு கரிக்கு" என்றார்.

"என்னது?"

"உப்புட்டி. வாயில வைக்க முடியல. கருவாட்ட ஒழுங்கா அலசாமலே போட்ருக்கா."

"டாடி, மெதுவா! ஆன்ட்டி ஃபீல் பண்ணுவாங்க" என்று மகள் பதறினாள்.

நான் அவர் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். உண்மைதான். நன்றாகக் கரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டே அழுதேன். வீட்டுக்கார அம்மாள் சமையலறையிலிருந்து ஓடிவந்து, சாப்பாட்டில் என்ன குறை என்று மராத்தியில் கேட்டாள். மகள் மூன்று மொழியையும் கலந்து ஏதோ விளக்கப் பார்த்தாள். அவர் தலை நிமிராமல் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார்.