மூச்சு மிஷினும் என் வீட்டுக்காரர் தூக்கமும்

1. லைனில் கேட்ட சத்தம்

என் குறட்டையை ஒரு பட்டு வியாபாரி டெலிபோனில் கேட்டார். என் உத்தியோகத்தில் எனக்கு நேர்ந்த பெரிய அவமானம் அதுதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் எல்லாக் காலும் எங்கள் கை வழியாகத்தான் போகும். சந்தாதாரர் ரிசீவரை எடுத்தால் போர்டில் அவருடைய நம்பருக்கான ஷட்டர், அதாவது சின்ன மூடி, விழும். பிளக்கைச் சொருகி, 'நம்பர் ப்ளீஸ்' என்போம். வெளியூர் என்றால் டிரங்க் கால். டிக்கெட் எழுதி, வேலூரைக் கூப்பிட்டு, லைன் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். தலையில் ஹெட்செட், கையில் பென்சில், கண் போர்டில். கண் போர்டை விட்டு நகர்ந்தால் வேலை கெட்டது.

என் கண் நகரவில்லை, மூடிக்கொண்டது. சேர்ந்து சில வருஷங்களிலேயே இது ஆரம்பித்துவிட்டது. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் தலை பாறாங்கல்லாகக் கனக்கும். பத்து மணிக்கெல்லாம் இமை இழுக்கும். இரத்தச் சோகை என்று மாத்திரை கொடுத்தார்கள். உடம்பு பெருத்துவிட்டது, நட என்றார்கள். நடந்தேன். நடந்து வந்து தூங்கினேன்.

எண்பதுகளின் பிற்பாதியில் ஒரு நாள், பகல் பன்னிரண்டு மணி. அந்த வியாபாரி பெங்களூருக்கு அர்ஜென்ட் கால் கேட்டிருந்தார். நூல் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். அவர் லைனில் பிளக்கைச் சொருகி, 'இருங்க சார், கூப்பிடறேன்' என்று சொன்னது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, அவர் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வேர்க்க விறுவிறுக்க நின்று கத்தியதுதான்.

"ஹலோ ஹலோன்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்திகினு கீறேன், உள்ளாற யாரோ கொறட்ட வுடுறாங்க! எங்க சார் அந்த அம்மா? நூலு வேற ஆளுக்குப் பூடுச்சி. என்னா ஆபீசு இது, பேஜாரா கீது!"

சூப்பர்வைசர் ரங்கநாதன் சார் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். பிறகு என்னிடம் வந்தார். கத்துகிறவர் இல்லை அவர்.

"சாராள், இது ரெண்டாவது மெமோ. மூணாவது வந்துச்சின்னா மேல போயிடும்மா. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல. நல்ல டாக்டரா பாரு."

பக்கத்து சீட்டுப் பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். ஆம்பளை குறட்டை விட்டால் அது சத்தம். பொம்பளை விட்டால் கதை. அது ஊரெல்லாம் போய்விட்டது.

2. டாக்டர் கேட்டது

வேலூரில் ஒரு பெண் டாக்டர். ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். என் வீட்டுக்காரர் ஏசுபாதமும் கூட வந்தார். அவர் பட்டு நெசவாளி. எங்கள் வீட்டு முன்கூடத்திலேயே தறி. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

"ராத்திரி தூக்கம் எப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

"நல்லாத் தூங்குவேன் டாக்டர். அதிகமாத் தூங்கறதுதான் பிரச்சினையே."

அவர் என்னை விட்டுவிட்டு, கதவோரம் பையோடு நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இவங்க எப்படித் தூங்கறாங்க?"

அவர் தயங்கினார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கொறட்ட வரும் டாக்டரம்மா. அது பரவால்ல, சத்தம் வந்தா தைரியமா இருக்கும். திடீர்னு நின்னுடும். மூச்சும் நின்னுடும். நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போடும், காத்து போவாது. நான் மனசுக்குள்ள எண்ணிகினே இருப்பேன். தானா வந்துச்சின்னா வுட்டுடுவேன். வரலன்னா தோளப் புடிச்சி உலுக்குவேன். அப்ப ஒரு பெருமூச்சு வுட்டுட்டு திரும்பிப் படுத்துக்கும். மறுபடியும் அதே கததான்."

"எத்தனை வருஷமா?"

"பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும்மா."

எனக்கு இது ஒன்றும் தெரியாது. என் வாழ்க்கையில் ஒவ்வொரு ராத்திரியும் நடந்ததை, யாரோ ஒரு அந்நியருக்கு அவர் சொல்லி நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் விளக்கினார். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறது. மூச்சு நிற்கும் ஒவ்வொரு தடவையும் மூளை பாதி விழித்துக்கொள்கிறது. அதனால் இரவு முழுக்கப் படுத்தும் தூங்காதவள் நான். இரண்டு நாள் படுக்கையில் வைத்துச் சோதித்துவிட்டு, ஒரு பெட்டியைக் காட்டினார். உள்ளே மோட்டார். அதிலிருந்து நீளமான குழாய். குழாயின் நுனியில் மூக்கை மட்டும் மூடுகிற ரப்பர் மாஸ்க். மோட்டார் ஊதுகிற காற்று மூக்கு வழியாகப் போய் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும்.

"நான் வரும்போது கொண்டுவந்த மிஷின். இங்க ரெண்டாவது கிடையாது. விடாம போட்டுக்கிட்டா உங்ககிட்டயே இருக்கட்டும். முடியலன்னா திருப்பிக் கொடுத்துடுங்க, இன்னொருத்தருக்கு ஆகும்."

ஆரணி பஸ்ஸில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவரைக் கேட்டேன். "ஏங்க, என்கிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ பயந்துகினு தூங்க மாட்ட. காலையில ஆறு மணி டூட்டிக்கு எப்டிப் போவ?"

அதற்கு நாலைந்து வருஷத்துக்கு முன்னால், நூல் கொடுத்து நெய்யச் சொல்கிற பட்டு முதலாளி அவருக்கு முகூர்த்தப் பட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டார். முகூர்த்தப் பட்டில் கரையும் உடலும் வேறு வேறு நிறம். சேருகிற இடத்தில் ஒரு இழை பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். அவர் கையில் பிசகுகள் வந்தன. அன்றிலிருந்து ப்ளெய்ன் புடவைதான். கேட்டதற்கு, கண் மங்கிவிட்டது என்றார். நான் வேலூர் வரை போய் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். அவரும் போட்டுக்கொண்டார்.

அந்தப் பஸ்ஸில்தான் எனக்கு விளங்கியது, அவருக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை என்று. சேவூர் தாண்டியதும் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். அவர் தூங்கிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன்.

3. மாஸ்க்

பகல் தூக்கத்தில் பழகிக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். டூட்டி முடிந்து இரண்டு மணிக்கு வந்து, பெட்டியை ஸ்டூலில் வைத்து, பட்டையைத் தலைக்குப் பின்னால் மாட்டினேன். பதினைந்து வருஷம் ஹெட்செட் மாட்டின தலைக்கு இது என்ன என்று நினைத்தேன்.

ஸ்விட்சைப் போட்டதும், ஓடுகிற பஸ்ஸில் தலையை வெளியே நீட்டினாற்போல் காற்று அடித்தது. இழுக்க வேண்டியதில்லை, அதுவே வந்தது. ஆனால் மூச்சை வெளியே விடுவதற்குக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பயத்தில் வாயைத் திறந்தேன். மூக்கில் போன காற்றெல்லாம் வாய் வழியாகக் கொட்டியது. பிடுங்கி எறிந்துவிட்டேன்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் வயிறு முழுக்கக் காற்றை விழுங்கி, சாயங்காலம்வரை ஏப்பம். மூக்குத்தண்டு புண்ணாகிவிட்டது. எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "சாராக்கா, ஆனக்குட்டி மாதிரி கீறியேக்கா!" என்றாள். அவள் மனதில் ஒன்றும் இல்லை. நான்தான் அழுதேன்.

"திருப்பிக் குடுத்துடலாங்க. என்னால ஆவல" என்றேன்.

அவர் தறியிலிருந்து எழுந்து வந்தார். தன் பழைய வேட்டியில் மெத்தென்று இருந்த ஒரு துண்டைக் கிழித்து, மடித்து, மூக்குத்தண்டுக்கும் ரப்பருக்கும் நடுவில் வைத்தார். பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"படுக்காத. குந்திகினு பேப்பர் படி. தூங்கறதப் பத்தியே நெனைக்காத. வாய மட்டும் மூடிக்க. நான் தறியில பாவு நூலச் சரி பண்ணிகினு இங்கதான் கீறேன்."

அப்படித்தான் பழகினேன். ஒரு வாரம் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அடுத்த வாரம் சாய்ந்துகொண்டு. பிறகு ஒரு நாள், தெருவில் அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருக்க, பேப்பர் கையிலிருந்து நழுவியது தெரியாமல் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது ஏதோ ஒன்று குறைகிறாற்போல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, தலைவலி இல்லை. சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடமெல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. இவ்வளவு தெளிவாகவா மற்றவர்கள் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று இருந்தது. சந்தோஷத்தைவிட, போன வருஷங்களை நினைத்து வந்த ஆத்திரம்தான் அதிகம்.

மூன்றாவது மெமோ வரவில்லை. அந்த வியாபாரியே ஒரு நாள் லைனில், "என்னாம்மா, இப்பல்லாம் ஜல்தியா குடுத்துடுற!" என்றார்.

4. கரெண்ட்

நான் தேறிக்கொண்டிருந்தேன். அவர் தேறவில்லை. நான் எப்போது கண் திறந்தாலும் அவர் சுவரோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் மிஷின் கீதே. நீங்க படுக்கக் கூடாதா?"

"கரெண்ட் போச்சின்னா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் கரெண்ட் நினைத்தபோது போகும். இருக்கிற நேரத்திலும் வோல்டேஜ் இறங்கும். அதற்கு ஸ்டெபிலைசர் வாங்கியாயிற்று. ஆனால் கரெண்டே போனால் மோட்டார் நிற்கும், மூக்கை ரப்பர் மூடியிருக்கும்.

"முழிப்பு தானா வந்துடும்னு டாக்டர் சொன்னாங்களே."

"சொன்னாங்க." குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அதில்ல சாராளு. முன்னல்லாம் நின்னா காதுல தெரியும். இப்ப இந்த எரைச்சல்ல உன் மூச்சே கேக்கல. ஓடுதா, நிக்குதான்னே புரியல. கண்ணால பாத்துகினு இருந்தாத்தான் மனசு நிக்குது" என்றார்.

எனக்குத் தூக்கம் கொடுத்த மிஷின் அவருடைய தூக்கத்தில் மிச்சமிருந்ததையும் எடுத்துக்கொண்டது.

எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக் காதர் பாயிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அக்கா, நம்ம எக்ஸ்சேஞ்சுல கரெண்ட் போனா பெல் அடிக்குதா இல்லியா? அதே மாதிரி வீட்டுக்கு ஒண்ணு கட்டிட்டாப் போச்சு. பாயிக்கு வுடுங்க."

பழைய சாமான் கடையில் ஒரு ரிலேவும் பெல்லும் வாங்கிவந்து, பலகையில் பொருத்தி, பேட்டரி வைத்துக் கட்டினார். கரெண்ட் இருக்கிறவரை ரிலே பிடித்துக்கொண்டிருக்கும். போனதும் விட்டுவிடும், பெல் அடிக்கும். மாட்டிவிட்டு மெயினை அணைத்துக் காட்டினார். தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம்.

என் வீட்டுக்காரர் தன் கையால் இரண்டு மூன்று தடவை மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அடித்தது. அன்று மத்தியானம் எனக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தார். நான் மாஸ்க் போட்டுக்கொண்டு விழித்தே இருந்தேன். அவர் முகம் தளர்வதைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்தது. விளக்கு வைக்கிற நேரம்வரை எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை.

5. முகூர்த்தப் பட்டு

நாலைந்து மாதம் தூங்கி உடம்பு தேறியதும், அவர் முதலாளியிடம் போய் முகூர்த்தப் பட்டுக்கான பாவு கேட்டார். முதலாளி நல்ல மனிதர். "ஒண்ணு நெய்ஞ்சி காட்டு ஏசுபாதம், பாக்கலாம்" என்று கொடுத்தார். அரக்கில் பச்சைக் கரை.

அந்த நாட்களில் அவர் வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். ஆனால் கரை சேரும் இடத்துக்கு வந்தால் பாட்டு நின்றுவிடும். கண்ணாடியைத் துடைப்பார், விளக்கை இன்னும் கீழே இறக்குவார், நூலை மூக்கருகே பிடிப்பார். வயது ஆகிவிட்டது. முன்பு எனக்காகச் சொன்ன பொய் அதற்குள் நிஜமாகிவிட்டிருந்தது.

முதலாளி புடவையை விரித்து, கரை ஓரமாக விரலை ஓட்டிப் பார்த்தார். மடித்து வைத்தார். அடுத்த முறை வீட்டுக்கு வந்தது ப்ளெய்ன் பாவு.

"இன்னொரு தபா கேளுங்க" என்றேன்.

"வுடு சாராளு. கண்ணு தூக்கத்தக் கேக்குது, குடுக்கறேன். கரையக் கேக்கல." பாவை நீவிவிட்டுத் தறியில் இறங்கிவிட்டார்.

கடைசிவரை ப்ளெய்ன் புடவைதான் நெய்தார். அவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. நன்றாகத் தூங்கிய மனிதராகத்தான் போனார் என்று ஆறுதல் சொல்லிக்கொள்வேன். அந்தத் தூக்கம் பத்து வருஷம் முன்னால் கிடைத்திருந்தால் என்று உடனே மனசு கேட்கும். முதலாளி நிறுத்தியபிறகு அவர் நெய்திருக்க வேண்டிய முகூர்த்தப் புடவைகளை எந்தப் பெண்ணும் கட்டிக்கொள்ளவில்லை.

இப்போது சூப்பர்வைசர் சீட்டில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்து சீட்டில் ஒருவர் தூங்கி விழுந்தால் சோம்பேறி என்று எழுதிவிடாதீர்கள். அது வியாதியாக இருக்கலாம். அதற்கு வைத்தியமும் உண்டு. அதோடு நிறுத்திவிடாதீர்கள். தூங்கி விழுகிறவருக்கு வீடு என்று ஒன்று இருக்கிறது.

நான் சூப்பர்வைசர் ஆனபிறகு ஒரு பெண் ஆபரேட்டர் போர்டிலேயே கண்ணயர்ந்தாள். மெமோ எழுதவில்லை. புருஷனை அழைத்து வரச் சொன்னேன். சேத்துப்பட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். என்ன திட்டு விழுமோ என்று கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"உக்காருப்பா. அவளப் பத்தி அப்புறம் பேசலாம். நீ ராத்திரியில தூங்கறியா?"

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.