அம்புக்குறி ஒட்டிய வரிகள்

என் கையெழுத்தைப் படிக்கப் போகிறவர்கள் முதலில் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ல, ள, ழ மூன்றும் என் கையில் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். போனில் எழுதலாம் என்றால் ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து வந்து நிற்கிறது. அதனால் தாளில் எழுதி, படம் பிடித்துப் போடுகிறேன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

திருப்பூருக்கு வந்த புதிதில் ஒன்று எனக்கு விளங்கவே இல்லை. இங்கே நன்றாக இருப்பதை யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில்லை. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்பவன். தைத்து வரும் டி-ஷர்ட்டை விரித்துப் பார்ப்பேன். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். எதுவும் இல்லையென்றால் பேசாமல் வலது பக்கம் தள்ளிவிட வேண்டும். முதல் வாரம் முழுக்க என் வேலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துபோய் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன்.

"சார், நான் பாக்குறது சரியாத்தான் இருக்கா?"

"ஏனுங்க, நான் ஏதாச்சும் சொன்னனுங்களா?"

"இல்லையே சார்."

"அப்பறம் என்னுங்க? சொல்லாட்டி சரின்னு அர்த்தமுங்க. போய் நில்லுங்க."

எங்கள் ஊர் சாத்தூர்ப் பக்கம். அங்கே புதுச் சட்டை போட்டுத் தெருவில் இறங்கினால் கடைசி வீடு வரை பதில் சொல்லிக்கொண்டேதான் போக வேண்டும். "என்னலே, மாப்பிள்ளை மாதிரி வார?" என்று ஒருவர் கேட்பார், "சாயம் போயிரும்டே" என்று அடுத்தவர் சொல்வார். நான் கூச்ச சுபாவக்காரன். அந்தத் தெருவைக் கடப்பதற்குள் வியர்த்துவிடும். அதனால் திருப்பூரின் இந்த மௌனம் சீக்கிரமே எனக்குப் பிடித்துப்போனது. வருஷங்கள் போகப் போக, பேசாமல் இருந்தால் பாஸ், குறி விழுந்தால் ரிட்டர்ன் என்பது உலகத்துக்கே பொதுவான சட்டம் என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

கம்பெனிக்கு நூல் கொண்டு வரும் இஸ்மாயில் பாய்தான் என்னை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். தொழிலுக்கு நடுவில் எழுதுகிறவர்களுக்காக அவர் நடத்தும் குழு அது. சோமனூரில் தறி ஓட்டுகிறவர், அனுப்பர்பாளையத்தில் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுகிறவர், வெளிநாடு போனவர்கள் என்று எல்லோரும் அதில் எழுதுவார்கள். நானும் இரண்டு மூன்று பக்கம் எழுதிப் போட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு நிம்மதி. எல்லாம் பாஸ். மற்றவர்கள் மட்டும், "ஒரு ஹார்ட் கூட விழலையே, யாரும் படிக்கறதில்லையா?" என்று குறைப்படுவார்கள். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாப்பிடுவதைப் பற்றி எழுதினேன். என் மனைவி செல்லத்தாய் ஊரில் இருக்கிறாள். அவளுடைய அம்மா படுக்கையில் கிடக்கிறார். விட்டு வர முடியாது. சாயங்காலம் இருவரும் வீடியோ காலில் சேர்ந்து சாப்பிடுவோம். நான் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைப்பேன், அவள் முறத்தில் சாய்த்து வைப்பாள். அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் டீ நேரத்தில் போனைத் திறந்தேன். குழுவில் ஆளாளுக்கு என் வரிகளைத் தனியே எடுத்து டைப் செய்து போட்டிருந்தார்கள். வரிக்கு மேலே அதைச் சுட்டுகிற, கீழே பார்க்கும் விரல் படம்; வரிக்குக் கீழே அழுகிற முகம். ஒரே வரியை ஆறேழு பேர் குறித்திருந்தார்கள். ஒரே இடத்தில் இத்தனை ஸ்டிக்கர் ஒட்டிய உருப்படியை நான் கண்டதில்லை. வீட்டு விஷயத்தைத் தப்புத் தப்பாக எழுதி ஊர் சிரிக்க வைத்துவிட்டோம் என்று காது சுட்டது. படத்தை அழித்தேன். குழுவிலிருந்து வெளியேறினேன். அறைக்குப் போய் அந்தத் தாளையும் கிழித்துப் போட்டேன்.

குழுவை விட்டபின் பஸ்ஸில் படிக்க எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் நீண்டுகொண்டே போனது. "இப்பல்லாம் எழுதலையா? உங்க மூஞ்சியே நல்லால்லையே" என்றாள் செல்லத்தாய். வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சில நாள் கழித்து இஸ்மாயில் பாய் நூல் இறக்க வந்தார். வண்டியை நிறுத்தியதும் நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்ணா, சொல்லாமக் கொள்ளாம உட்டுப்போட்டுப் போயிட்டீங்க? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"எல்லாருந்தான் சொல்லிட்டாங்களே பாய். எங்கெங்க தப்புன்னு வரி வரியா குறிச்சுக் காட்டிட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். என் மேசையில் இருந்த ஸ்டிக்கர் சுருளைப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைப் பெண்கள் திரும்பிவிட்டார்கள்.

"அட சாமி! அது ரிட்டர்ன் இல்லீங்ணா. புடிச்ச வரியத்தானுங்க எடுத்துப் போடுவாங்க!"

"அப்ப அந்த அழுவுற மூஞ்சி?"

அவர் சிரிப்பு நின்றது. "நெசமாலுமே அழுதாங்ணா. பல்லடத்துல கோழிப்பண்ணை வேலைக்குப் போற அக்கா ஒருத்தங்க. அவுங்க ஊட்டுக்காரரு கத்தாருல இருக்காரு. அவருக்கு அனுப்போணும், அந்தப் பக்கத்தைக் காணோமேன்னு டெய்லி கேக்கறாங்க. நானும் எடுத்து வெக்காமப் போயிட்டன். உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"கிழிச்சிட்டேன் பாய்."

அவர் போனை எடுத்துக் குழுவைத் திறந்தார். நான் அழித்தது என் படத்தை மட்டும்தான். மற்றவர்கள் எடுத்துப் போட்ட வரிகள் அப்படியே இருந்தன, எல்லோரும் என் பிழைகளைத் திருத்தியே போட்டிருந்தார்கள். மறு ஞாயிறு பாய் என் அறைக்கு வந்தார். அவர் ஒவ்வொரு வரியாக வாசிக்க, நான் தாளில் முன்பின் வரிசையாக வைத்து எழுதினேன். இடையில் விட்டுப்போனதை யோசித்து நிரப்பினேன். சில இடங்கள் நினைவுக்கு வரவில்லை, அவை போனவைதான். முடித்ததும் பாயே பல்லடத்து அக்காவுக்கு அனுப்பினார்.

அன்று சாயங்காலம் செல்லத்தாயிடம் எல்லாவற்றையும் சொல்லி, வாசித்தும் காட்டினேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"நம்ம வீட்டுச் சட்டியத் தூக்கி நடுத்தெருவுல வச்சிருக்கீகளே" என்றாள். சற்றுப் பொறுத்து, "அந்தப் பல்லடத்துப் பொம்பள சாப்பிட்டாளாமா?" என்று கேட்டாள்.

பாய் மறுபடி சேர்த்துவிட்ட குழுவில் இப்போது எனக்குப் பிடித்த வரியைக் கண்டால் எடுத்துப் போட்டு, கீழே பார்க்கும் விரலையும் வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் குறை சொல்வதுபோல் கை தயங்கத்தான் செய்கிறது. மேசையில் எட்டு மணி நேரம் ஒரு சட்டம், போனில் வேறொரு சட்டம். இரண்டுக்கும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஆறேழு பேர் குறித்த அந்த வரி இதுதான். இனி இதை அழிக்க மாட்டேன்: அவள் அங்கே சோற்றுக் கரண்டியை எடுத்ததும், நான் இங்கே தட்டைப் போன் பக்கம் நகர்த்துகிறேன்.

எழுதி முடித்தது: ஆடி மாதக் கடைசி ஞாயிறு.