வத்தல்மலைக்குப் போன நர்சம்மா

ரத்தத்தில் ஒட்டிப்போன சட்டையைத் தோள்வரை கத்தரித்துக்கொண்டே அஸ்கரி பேகம் கேட்கிறார்: "கிணத்துக்குள்ள எதுக்கு எட்டிப் பாத்தீங்க?"

மேசையில் கிடக்கும் இண்டூர்க்காரருக்குக் கை முறிந்திருக்கிறது, நெற்றி பிளந்திருக்கிறது. "சேவலுங்க... சேவல் உள்ள வுழுந்துருச்சு" என்று முனகுகிறார்.

"சண்டைச் சேவலா?"

"ஆமாங்க."

"அப்புறம்? சேவலை வெளிய எடுத்தாங்களா இல்லியா?"

அதற்குள் டாக்டர் வந்துவிடுகிறார். கைக்குக் கட்டுப் போட அந்த மனிதரை உள்ளே தூக்கிப் போகிறார்கள். சேவலின் கதி தெரியாமலே அஸ்கரி பேகம் கத்தரிக்கோலைக் கழுவப் போகிறார். அன்று மாலை வரை அந்தச் சேவல் அவர் மனசுக்குள் சிறகடித்துக்கொண்டே இருக்கும்.

தர்மபுரி மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில், வாசலை ஒட்டிய முதல் அறைதான் அவருடைய இடம். பலகையில் 'அவசர சிகிச்சை' என்று எழுதியிருந்தாலும் ஊருக்கு அது கேசுவால்ட்டி. கிணற்று வெடியில் விரல் போனவர், மாடு முட்டியவர், காரிமங்கலம் சந்தையில் கல்லடி பட்டவர் என எல்லோரும் முதலில் அவர் கைக்குத்தான் வருகிறார்கள். நாற்பதைத் தொடும் வயது. உயரம் குறைவு, நடையில் வேகம் அதிகம். ஸ்பிரிட் வாடை பிடிக்காது என்பதால் கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு அடங்கியிருக்கும். அதை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தள்ளினாரென்றால் காயம் பெரியது என்று ஆயா சென்னம்மாள் தெரிந்துகொள்வாள்.

"உங்க பேச்சுலயே பாதிப் பேருக்கு மயக்கம் தெளிஞ்சுடுது சிஸ்டர்" என்று டாக்டர் ஒருமுறை பாராட்டினார்.

"மயக்கத்துக்காக இல்லீங்க டாக்டர். எனக்குத் தெரியணும், அதான் கேக்கறேன்."

உண்மை அதுதான். ஆனால் அந்த அறைக்கு வருகிறவர்கள் யாரும் முழுக் கதையோடு வருவதில்லை. வந்தவர்கள் வார்டுக்குப் போவார்கள், சேலத்துக்குப் போவார்கள், சிலர் போயே விடுவார்கள். மீதியை வந்து சொல்ல யாருக்கு நேரம்? அவருடைய கணவர் கவுஸ் பாஷா ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டில் இந்தப் பாதிக் கதைகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனிதர். "என் கடைக்கு வர்ற ஸ்டவ்வாவது எரியுதா இல்லியான்னு தெரிஞ்சுட்டுத்தான் போவுது" என்பார்.

போன வருஷம் சாமைக்குக் களையெடுக்கும் சமயத்தில் வத்தல்மலையிலிருந்து ஒருவரைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். பெயர் கரியன். கரடி அடித்திருந்தது. நெற்றியிலிருந்து காதுவரை தோல் பிய்ந்து தொங்க, இரண்டு கண்களும் ரத்தத்தில் மூடிக் கிடந்தன. கூடவே ஓடி வந்த அவர் மனைவி கருப்பியைச் சென்னம்மாள் வெளியே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

கிராம்பு இடம் மாறியது. "கரியண்ணா, தூங்கக் கூடாது. என்கிட்டப் பேசுங்க. எங்க போனீங்க?"

"கன்னுக்குட்டி வரலீங்க" என்றார் கரியன். குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. "மணிச் சத்தம் பாறைக்கு அந்தாண்ட கேட்டுச்சு. கூப்புட்டுக்கிட்டே போனேன். பொதரு அசைஞ்சுது. கன்னுதான்னு கைய வுட்டேன்..."

"அப்புறம்?"

"அது என்னைப் பாத்துச்சுங்க. பாத்துட்டு..."

அவ்வளவுதான். தலை சாய்ந்துவிட்டது. டாக்டர் ரத்தத்தை நிறுத்தி, தொங்கிய தோலை இழுத்துப் பொருத்தித் தையல் போட்டார். அஸ்கரி பேகம் பக்கத்தில் நின்று ஒவ்வொரு நூலாகக் கத்தரித்தார். வண்டியில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த டிரைவரிடம் கேட்டபோது, "சேர்த்தப்ப மூச்சு இருந்துச்சு சிஸ்டர்" என்றதோடு முடிந்தது.

அதன்பின் மலையிலிருந்து யார் வந்தாலும் விசாரிப்பு நடந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. புளி உலுக்கும் காலத்தில், காலில் முள் உடைந்துபோன செல்லி என்ற பெண் வந்தாள். அவளுக்கு அதே ஊர்.

"கரியனா? உசுரோட இருக்கானுங்க" என்றாள் செல்லி. "ஆனா இருந்து என்ன? அவன்கூட யாரும் பேசறதில்ல. பங்காளி மாதேஸுக்குப் பாத்தியப்பட்ட தேன் பாறையில தேன் திருடப் போயிருக்கான். அதான் கரடி புடிச்சுது."

முள்ளைப் பிடித்த இடுக்கி அப்படியே நின்றது. "திருடவா? கன்னுக்குட்டியத் தேடித்தானே போனாரு?"

"கன்னுக்குட்டியா? அது அன்னைக்குச் சாயந்திரமே தானா வூட்டுக்கு வந்துடுச்சே. யாருங்க உங்ககிட்டச் சொன்னது?"

"அவரேதான்."

அடுத்த விடுமுறை நாளில், பஸ் போகும் வரை பஸ்ஸிலும் மீதியை நடந்தும் அஸ்கரி பேகம் வத்தல்மலை ஏறினார். துணைக்கு வந்த சென்னம்மாள் ஒவ்வொரு திருப்பத்திலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டூட்டியிலதான் நிக்க வெக்கிறீங்கன்னா லீவுலயுமா? திருப்பதிக்கு நடந்திருந்தாலும் புண்ணியமாவது கெடைச்சிருக்கும்." அஸ்கரி பேகம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். கரடி என்ன செய்தது என்று கேட்கத்தான் முதலில் ஆசைப்பட்டிருந்தார். இப்போது சொல்ல வேண்டியதும் ஒன்று இருந்தது. அது அவரை வேகமாக நடக்கவைத்தது.

கரியன் வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். ஒரு கண் போயிருந்தது. வந்தவர் யாரென்று தெரியாமல் எழுந்து நின்றார். "கரியண்ணா, நல்லா இருக்கீங்களா?" என்றதும் அவர் கையிலிருந்த கயிறு நழுவியது. முகம் பார்த்திராதவர் குரலைப் பிடித்துக்கொண்டார்.

"நர்சம்மா... நான் உங்ககிட்டப் பேசுனனா?" என்றார் அவசரமாக. "ஏதாச்சும் சொன்னனா? காலையில கூழு குடிச்சது ஞாபகம் இருக்குது. அடுத்தாப்புல சேலத்து ஆஸ்பத்திரிதான். நடுவுல உங்க கொரலு மட்டுந்தான், வேற ஒண்ணுமே இல்லீங்க. எங்க போனேன்னு கேக்கறாங்க. தெரியலேன்னா திருட்டுப் பயங்கறாங்க."

உள்ளேயிருந்து கருப்பி வெளியே வந்துவிட்டாள். நர்சு வந்திருக்கும் சேதி கேட்டு அக்கம்பக்கத்தார் கூடினார்கள். மாதேஸும் வந்து ஓரமாக நின்றான். கரியன் அன்று சொன்னதை அஸ்கரி பேகம் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னார். வராத கன்று, பாறைக்கு அந்தாண்டை மணிச் சத்தம், அசைந்த புதர், உள்ளே விட்ட கை.

"எந்தப் பாறைன்னு சொன்னான்?" என்றான் மாதேஸ்.

"அதைச் சொல்லல தம்பி. சொல்லாததை நான் கூட்டிச் சொல்ல மாட்டேன்."

"கன்னுதான் தானா வந்துடுச்சே?"

"வந்துடுச்சுன்னு பாறைக்கிட்ட நின்ன மனுசனுக்கு எப்படித் தெரியும்?" என்று வெடித்தாள் கருப்பி. "தோலு தொங்கறப்பவா உக்காந்து பொய் கட்டுவாங்க?"

கூட்டத்தில் சிலர் முகத்தில் நம்பிக்கை வந்திருந்தது, சிலர் முகத்தில் வரவில்லை.  மாதேஸ் தன் வீட்டுக்குள் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து, மலையேறி வந்தவர்களைத் தாண்டிப் போய்க் கரியனிடம் முதலில் நீட்டினான். கரியன் இரண்டு கைகளாலும் வாங்கிக் குடித்தார். பாதித் தண்ணீர் மார்பில் வழிந்தது.

வந்த காரியம் இன்னும் பாக்கி இருந்தது. "அது சரிங்கண்ணா" என்றார் அஸ்கரி பேகம், "கரடி உங்களைப் பாத்துச்சே, பாத்துட்டு என்ன பண்ணுச்சு?"

"அதைக் கரடியத்தாங்க கேக்கணும்" என்றார் கரியன்.

முதலில் சிரித்தது சென்னம்மாள். பின்னால் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். இத்தனை மாதங்களில் அந்த வாசல் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று கருப்பி பின்னால் சொன்னாள்.

அஸ்கரி பேகம் சிரிக்கவில்லை. கரியனின் முகவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினார். நெற்றியில் தொடங்கிக் காதுவரை கரடி விட்டுப்போன தழும்பை, தானே நூல் கத்தரித்த தையல் தடத்தை, கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். காதருகே வந்ததும் விரலை எடுத்தார். மறுபடியும் நெற்றியில் வைத்து, முதலிலிருந்து தடவத் தொடங்கினார்.